வளைந்த காலை உருவி நிமிர்த்த முடியாது, ஆச்சி!

பிறந்த பிள்ளைக்கு ஒரு கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே வளைந்திருந்தால், நம்ம பக்கம் அது முதலில் போய்ச் சேருவது தண்ணி ஊத்துகிற ஆச்சியின் காலுக்குத்தான். அம்பாசமுத்திரம் ஆனாலும் திசையன்விளை ஆனாலும் இதில் மாற்றமில்லை. நல்லெண்ணெய் தேய்த்து நாற்பது நாள் உருவிவிட்டால் நிமிர்ந்துவிடும் என்பார்கள். எரிச்சல் என்னவென்றால், சில பிள்ளைகளுக்கு நிஜமாகவே நிமிர்ந்துவிடுகிறது!

அந்தப் பிள்ளைகளின் காலை யாரும் தொடாமல் இருந்திருந்தாலும் அது நிமிர்ந்திருக்கும். கால் முன்னெலும்பில் வளைவின் முட்டு பின்பக்கமும் உள்பக்கமுமாகத் துருத்துகிற வகை அது. பிறந்ததும் பார்த்தால் பாதம் மேலே மடங்கி, புறங்கால் முன்னெலும்பில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்கப் பயங்கரம்தான், ஆனால் சாது. முதல் வருடத்திலேயே பெருமளவு நிமிர்ந்துவிடும், மிச்சம் அடுத்த சில வருடங்களில் சரியாகும். பெயர் ஆச்சிக்குப் போய்விடுகிறது. அந்தப் பெயரை நம்பி அடுத்த தெருவிலிருந்து இன்னொரு வளைந்த கால் வரும். அதில் முட்டு முன்பக்கமும் வெளிப்பக்கமுமாகத் துருத்தும். உருவினால் அந்த எலும்பு முறியலாம்.

முறிந்தால் கட்டுப் போட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறீர்கள். ஒட்டாது. மாங்காய் பறிக்க ஏறி விழுந்து கையை முறித்த பயலுடைய எலும்பு இல்லை இது. எலும்பும் அதைச் சுற்றிய சவ்வும் பிறவியிலேயே கோளாறானவை. மாவுக்கட்டு போட்டாலும், மூங்கில் தப்பை வைத்து முட்டைப்பத்து போட்டாலும், முறிந்த இடம் மூட்டு மாதிரி ஆடிக்கொண்டேதான் இருக்கும். அதை ஒட்டவைக்க உள்ளே கம்பி செலுத்தி, இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, சிலருக்கு வெளியே வளையக்கம்பி மாட்டி, ஒரே காலுக்குப் பல ஆபரேஷன் தேவைப்படலாம். ஒட்டியதும் மறுபடி முறிவதுண்டு. முறியவிடாமல் காப்பதுதான் இதில் பெரிய வைத்தியம். வளைவை நிமிர்த்துவதற்கென்று முன்கூட்டியே எலும்பை வெட்டி ஆபரேஷன் செய்வதும் தப்பு. வெட்டிய இடமும் ஒட்டாமல் போகலாம். (இது எலும்பு மருத்துவம் பார்க்கிற எங்கள் தொழில்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.)

வீட்டில் பார்ப்பது எளிது. பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் சிப்பி கூரையைப் பார்க்கிற மாதிரி காலை மெதுவாகப் பிடியுங்கள். முன்னெலும்பின் விளிம்பில் மேலிருந்து கீழே ஒரு விரலை ஓட்டுங்கள். முட்டு எந்தப் பக்கம் என்று தெரியும். பிறகு சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கப் பாருங்கள். பால் ஊற்றிய டீ நிறத்தில், 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான மச்சங்கள் 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் என்கிற மரபணுக் கோளாறாக இருக்கலாம். முன்–வெளி வளைவுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கும். “எங்க குடும்பத்துல யாருக்குமே கிடையாது” என்பது பதிலாகாது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது புதிதாகத்தான் வருகிறது. கிரகணத்தன்று வெளியே வந்ததாலும் வருவதில்லை. மருமகளை விட்டுவிடுங்கள்.

சுண்டுவிரல் பக்கம் விரல்களே குறைந்து, முட்டு முன்–உள் பக்கமாக இருந்தால் பக்கத்து எலும்பு வளராத வேறு கோளாறு. அதையும் உடனே காட்டுங்கள். இரண்டு காலும் ஒரே அளவில், முழங்கால் அகன்று வளைந்திருந்தால் 2 வயது வரை பெரும்பாலும் இயல்பு. அதற்குப் போய்க் கால்சியம் சிரப் பாட்டில் பாட்டிலாக ஊற்றாதீர்கள்.

சாது வகைக்கும் ஒரு வால் உண்டு. வளைவு நிமிர்ந்தாலும் அந்தக் கால் கட்டையாகவே வளரும். வளர்ந்து முடிகையில் வித்தியாசம் பெரும்பாலும் 3–4 சென்டிமீட்டர் வந்துவிடும். இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதங்களைப் பாயில் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு முழங்கால் தாழ்ந்திருந்தால் அதுதான். “நிமிர்ந்துருச்சே” என்று பார்ப்பதை நிறுத்திவிட்டால், நீளக் காலின் வளர்ச்சியைப் பக்குவமான வயதில் நிறுத்திச் சமன்செய்கிற வாய்ப்பு கைநழுவிவிடும்.

முன்–வெளி வளைவுக்கு, பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கும் முன்பே காலைச் சுற்றிக் கவ்வுகிற பிளாஸ்டிக் பிரேஸ் வேண்டும். குளிக்கும்போது கழற்றலாம், விளையாடும்போது கழற்றக்கூடாது. பிள்ளை அழுகிறது என்று கழற்றிப் பரணில் போடுகிற தாத்தாமாரே, தயவுசெய்து வேண்டாம். எலும்பு வளர்ந்து முடியும் வரைக்கும் அது தேவை. கால் வளர வளரப் புதிது செய்ய வேண்டும். தோல் சிவந்தால் பிரேஸை இளக்கித் தரச் சொல்லுங்கள், நீங்களாக அறுக்காதீர்கள்.

எண்ணெய்க் குளியல் நடக்கட்டும். அந்த ஒரு காலை மட்டும் விட்டுவிட்டு, அதே வாரம் எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். பாளை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ வேறெங்கோ, எங்கே காட்டினாலும் பழைய எக்ஸ்ரே படங்களை எல்லாம் கூடவே கொண்டுபோங்கள். போன வருடம் எலும்பின் உள்குழல் எவ்வளவு குறுகியிருந்தது, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல முடியும்.