கோம்பாக் ஓடையோரம் ஒரு தன்னலக் குரோமோசோம்

கோலாலம்பூரின் மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசலை ஒட்டிக் கிள்ளான் ஆற்றில் கலக்கிறதே கோம்பாக் ஆறு, அதன் மேற்பகுதியில் உலு கோம்பாக் காடு இருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் அங்கே ஓடைக்கரை மண்ணிலிருந்து தொங்கும் மெல்லிய வேர்களில் சின்னஞ்சிறு ஈக்கள் வந்து அமரும். தலையின் இரு பக்கமும் காம்பு நீண்டிருக்கும், காம்பின் நுனியில் கண். பெரிய ஆண் ஈக்கு ஒரு கண்ணிலிருந்து மறு கண்வரை உள்ள தூரம் உடல் நீளத்தையே மிஞ்சிவிடும். டெலியோப்சிஸ் டால்மன்னி என்பது அறிவியல் பெயர்; நாம் காம்புக்கண் ஈ என்று சொல்லிக்கொள்ளலாம். மரபியலில் இந்த ஈ பெரிய பெயர் வாங்கியது. கோலாலம்பூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் வாழும் இதைப் பற்றி நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஆண் ஈக்களில் சிலவற்றுக்குப் பிறப்பவை கிட்டத்தட்ட எல்லாமே பெண்கள். மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்தான் குரோமோசோம்கள்; நம்மைப் போலவே இந்த ஈயிலும் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். விந்தணு உருவாகும்போது பாதிக்கு எக்ஸும் பாதிக்கு ஒய்யும் போய்ச் சேர வேண்டும். ஆனால் ஒருவகை எக்ஸ் இந்தப் பங்கீட்டை ஏற்பதில்லை. ஒய் ஏந்திய விந்தணுக்கள் முதிராமல் பாதியிலேயே சிதைந்துபோகும்படி அது செய்துவிடுகிறது. மிஞ்சுவது எக்ஸ் ஏந்தியவை மட்டுமே. கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் மட்டும் பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது போன்ற வேலை இது. அந்த ஈக்கு இதனால் எந்த நன்மையும் இல்லை, பாதி விந்தணு நஷ்டம்தான். நன்மை அந்த எக்ஸுக்கு மட்டுமே.

இந்த வகைத் தன்னலத்தை 1928இலேயே மரபியலாளர் செர்கேய் கெர்ஷென்சன் ஒரு பழ ஈ இனத்தில் கண்டு எழுதினார். காம்புக்கண் ஈயில் உயிரியலாளர் ஜெரால்ட் வில்கின்சனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1990களில் இதை விளக்கினார்கள்.

சரி, மற்ற எக்ஸைவிட இரு மடங்கு பரவக்கூடிய ஒன்று ஏன் எல்லா ஈக்களிலும் நிறைந்துவிடவில்லை? அப்படி நிறைந்தால் ஆணே பிறக்காது, இனமே அழிந்துவிடும். இந்த ஆபத்தைப் பரிணாம உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் 1967இல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் காட்டிலுள்ள காம்புக்கண் ஈக்களில் இந்த எக்ஸின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். பல லட்சம் ஆண்டுகள் பழமையானது, அழியவும் இல்லை, வெல்லவும் இல்லை. இதைத்தான் நான் மிகவும் வியக்கத்தக்கது என்பேன்.

ஒரு காரணம் அந்த எக்ஸின் உடம்பிலேயே இருக்கிறது. அதன் பெரும் பகுதிகள் தலைகீழாகத் திரும்பிக் கிடக்கின்றன. அதனால் பெண் ஈக்குள் சாதாரண எக்ஸோடு துண்டுகளை மாற்றிக்கொள்ள முடிவதில்லை. தன்னலத்துக்கு வேண்டிய மரபணுக்கள் பிரியாமல் ஒன்றாக இருக்க இது உதவுகிறது. ஆனால் மாற்றிக்கொள்ளாத குரோமோசோமில் பழுதுகளும் கழியாமல் சேர்ந்துகொண்டே போகும். இந்த எக்ஸ் உள்ள முட்டைகளில் முழு ஈயாக வளர்பவை குறைவு. வளரும் ஆண்களும் சராசரியில் சிறியவை, கண்ணிடைத் தூரமும் குறைவு.

பெண் ஈக்களோ, அகன்ற கண்ணுள்ள ஆண் காவல் காக்கும் வேரைத்தான் தேடிப் போகின்றன. அப்படிப் போகும் பெண், தெரியாமலே தன்னல எக்ஸையும் ஓரளவு தவிர்த்துவிடுகிறது. ஓரளவுதான், ஏனென்றால் அளவைப் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. தன்னல எக்ஸ் உள்ள ஆண்களும் சும்மா இருக்கவில்லை. அவற்றின் விந்தகம் மற்ற ஆண்களுடையதைவிடப் பெரிதாகி, இழந்த விந்தணுக்களை ஈடுகட்டுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆண்ட்ரூ போமியங்கோவ்ஸ்கியின் குழு இதைக் காட்டியது.

மற்ற குரோமோசோம்களும் எதிர்த்து நிற்கும். ஆண் அரிதாகிவிட்டால் மகனைப் பெறுபவருக்குப் பேரப்பிள்ளைகள் அதிகம். ஆகவே அந்த எக்ஸை அடக்கும் எந்த மரபணுவும் வேகமாகப் பரவும். டுரோசோஃபிலா சிமுலன்ஸ் என்ற பழ ஈயில் இப்படிப்பட்ட தன்னல எக்ஸ் அமைப்புகள் மூன்று உண்டு. அவற்றை அடக்கும் மரபணுக்கள் பரவியிருக்கும் இடங்களில் ஆணும் பெண்ணும் சமமாகவே பிறக்கும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அடக்கும் மரபணு இல்லாத கூட்டத்தோடு கலப்பு செய்து பார்த்தால்தான் பெண்களாகவே பிறந்து குட்டு வெளிப்படும்.

இந்த அறிவு இப்போது கொசு ஒழிப்புக்கு வந்திருக்கிறது. ஆப்பிரிக்க மலேரியாக் கொசுவான அனோஃபிலிஸ் காம்பியேவில், விந்தணு உருவாகும் நேரத்தில் எக்ஸை வெட்டிச் சிதைக்கும் நொதியைப் பொருத்தி, பெரும்பாலும் ஆணாகவே பிறக்கச் செய்தார்கள். கூண்டில் வளர்த்த கூட்டங்களில் பெரும்பாலானவை சில தலைமுறைகளில் அழிந்தன. நம் சிலாங்கூரில் நடந்தது வேறு வழி. டிங்கியைக் குறைக்க வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை ஷா ஆலாம் போன்ற இடங்களில் விட்டார்கள். இது குரோமோசோம் அல்ல, தாய் வழியாக மட்டும் பரவும் பாக்டீரியா. ஆனால் இதுவும் தன்னலமாகத்தான் பரவுகிறது: வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டைகள் பொரியாது. அதைச் சுமக்கும் பெண்களின் வாரிசுகளே பெருகும், அந்தக் கொசுக்களில் டிங்கிக் கிருமியும் எளிதில் பெருகாது. அவற்றை விட்ட பகுதிகளில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் முடிவு வெளியானது.