ஒரே சிப், பாதி விலை: பிக்சல் 8ஏ-வில் எது குறைந்தது?

கூகுளின் பிக்சல் 8 ப்ரோ 2023 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தபோது தொடக்க விலை 1,06,999 ரூபாய். 2024 மே மாதம் வந்த பிக்சல் 8ஏ-வின் தொடக்க விலை 52,999 ரூபாய். இரண்டிலும் ஓடுவது அதே டென்சர் ஜி3 சிப்தான். அதே ஒன்பது கோர்கள். சேமிப்பகமும் இரண்டிலும் ஒரே வகை, யூஎஃப்எஸ் 3.1. வாட்ஸ்அப், யூபிஐ, மேப்ஸ் என்று அன்றாடம் புழங்கும்போது வேகத்தில் வித்தியாசம் தெரியாது. அப்படியானால் மீதிப் பணம் எங்கே போகிறது? பெரும்பங்கு கேமராவுக்கும் திரைக்கும்.

8ஏ-வின் முதன்மை கேமரா 64 மெகாபிக்சல், ப்ரோவில் 50. இந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இங்கே பிக்சல் என்பது போனின் பெயரல்ல, ஒளியைப் பிடிக்கும் சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளி. அப்படி ஒரு பிக்சலின் அகலம் 8ஏ-வில் 0.8 மைக்ரான், ப்ரோவில் 1.2 மைக்ரான். அகலத்தின் வர்க்கத்தைப் பிக்சல் எண்ணிக்கையால் பெருக்கினால் சென்சாரின் பரப்பு வந்துவிடும்: 8ஏ-வுக்குச் சுமார் 41 சதுர மில்லிமீட்டர், ப்ரோவுக்கு 72. லென்ஸின் திறப்பிலும் ப்ரோ முந்துகிறது, அது எஃப்/1.68, 8ஏ எஃப்/1.89. எண் சிறிதானால் திறப்பு பெரிது, இங்கே ஒளி 1.27 மடங்கு கூடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரே காட்சியை ஒரே ஷட்டர் நேரத்தில் எடுக்கும்போது ப்ரோவுக்குள் விழும் ஒளி ஏறத்தாழ 2.2 மடங்கு.

ஃபோட்டான்கள் சீராக வருவதில்லை. ஒழுங்கில்லாமல் வந்து விழுகின்றன. இருட்டில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸுக்கு இது முக்கியக் காரணம். ஒளி கூடும்போது படத்தின் துப்புரவு அதன் வர்க்கமூல அளவில் கூடும். 2.2 மடங்கு ஒளி என்றால் சுமார் 1.5 மடங்கு துப்புரவு. பகலில் இரண்டு சென்சாருக்கும் ஒளி தாராளம் என்பதால் இது கண்ணில் படாது. இரவிலும் கூகுளின் மென்பொருள் பல பிரேம்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. கோபுரமோ கட்டடமோ அசையாமல் நிற்கும்வரை 8ஏ நன்றாகவே சமாளிக்கும். குழந்தை ஓடும்போதுதான் சிக்கல். அடுத்தடுத்த பிரேம்களில் முகம் இடம் மாறியிருப்பதால் அந்தப் பகுதியைச் சேர்க்க முடியாமல் மென்பொருள் விட்டுவிடும். மிஞ்சிய ஓரிரு பிரேம்களின் நாய்ஸைத் துடைக்கும்போது முடியிழைகளும் தோலின் நுணுக்கமும் சேர்ந்தே அழிந்து, முகம் வழவழவென்று ஆகிவிடுகிறது. ஒளி வராத இடத்தில் எந்த மென்பொருளாலும் அதை உண்டாக்க முடியாது.

ஜூமிலும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. ப்ரோவில் 5 மடங்கு டெலிஃபோட்டோ லென்ஸ் தனியாக இருக்கிறது; ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் பட்டகத்தால் அது மெல்லிய உடலுக்குள் அடங்குகிறது. 8ஏ-வில் அது இல்லை. முதன்மை கேமராவில் 5 மடங்கு ஜூம் செய்தால் சென்சாரில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் வேலை செய்யும்: 1.6 சதுர மில்லிமீட்டர், சுமார் இரண்டரை மெகாபிக்சல். மேடையில் ஆடுபவரைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்க நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். 2 மடங்கு வரை கவலையில்லை.

திரைக்கு வருவோம். ஓலெட் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் மின்தேக்கியும் அதைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்களும் உண்டு. வழக்கமான எல்டிபிஎஸ் வகையில் அந்த மின்னேற்றம் மெல்லக் கசியும். அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் திரை மினுக்கும். ப்ரோவில் உள்ள எல்டிபிஓ வகையில், ஸ்விட்சாக இயங்கும் டிரான்சிஸ்டர் ஆக்சைடால் ஆனது, கசிவு மிகக் குறைவு. அதனால் அசையாத பக்கத்தைப் படிக்கும்போது நொடிக்கு ஒருமுறை புதுப்பித்தாலே போதும், மின்சாரம் மிச்சம். 8ஏ 60 ஹெர்ட்ஸுக்கும் (நொடிக்கு 60 முறை) 120-க்கும் இடையில்தான் மாறும். வாங்கியதும் அமைப்புகளில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் ஸ்மூத் டிஸ்ப்ளே ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 60-லேயே நிற்கும். திரையின் உச்ச வெளிச்சம் 8ஏ-வில் 2000 நிட்ஸ் (வெளிச்சத்தின் அலகு), ப்ரோவில் 2400. வெயிலில் பிடித்தால் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது.

8ஏ-வின் பின்புறம் பிளாஸ்டிக். கீழே விழுந்தால் கண்ணாடியைப்போல் நொறுங்காது, இது நல்லதே. ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் பிளாஸ்டிக் பின்தங்கியது, உடலும் சிறியது. நீண்ட நேரம் கேம் ஆடினால் அதே சிப் இதில் சீக்கிரம் வேகத்தைக் குறைத்துக்கொள்ள இடமுண்டு. முன்பக்கம் 2013-இல் வந்த கொரில்லா கிளாஸ் 3. இதில் கஞ்சத்தனம் தெரிகிறது. ஸ்கிரீன் கார்டு ஒட்டிவிடுங்கள்.

சார்ஜர் இரண்டின் பெட்டியிலும் கிடையாது. 8ஏ அதிகபட்சம் 18 வாட், ப்ரோ 30 வாட் எடுக்கும். வேறு நிறுவனங்களின் 67 வாட், 80 வாட் சார்ஜர்கள் தத்தம் சொந்த நெறிமுறையில்தான் அந்த வேகத்தைத் தரும். பிக்சலில் மாட்டினால் மெதுவாகவே ஏறக்கூடும். யூஎஸ்பி பவர் டெலிவரி, பிபிஎஸ் என்ற இரண்டு பொது நெறிமுறைகளின் பெயரும் அச்சிட்ட சார்ஜராகவும், இரு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளாகவும் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டுக்கும் ஏழு ஆண்டு அப்டேட் உண்டு. 8ஏ பின்னால் வந்ததால் அதற்கு 2031 மே வரை, ப்ரோவுக்கு 2030 அக்டோபர் வரை. ஆனால் ராம் 8ஏ-வில் 8 ஜிபி, ப்ரோவில் 12. போனுக்குள்ளேயே இயங்கும் கூகுளின் ஏஐ மாடலான ஜெமினி நானோ 2023 டிசம்பரிலேயே ப்ரோவுக்கு வந்துவிட்டது. 8ஏ-வுக்கு 2024 ஜூனில், அதுவும் டெவலப்பர் ஆப்ஷன்களில் போய் ஆன் செய்துகொள்ளும் வகையில்தான் வந்தது. இத்தகைய மாடல்கள் ராமில் கணிசமான இடம் பிடிப்பவை. ஏழு ஆண்டும் ஒரே போனை ஓட்டுவது என்று முடிவெடுத்தவர்கள், ஜூமைவிட இந்த 4 ஜிபியைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.