வார்டு அப்டேட்: பொருள், வேர், தமிழ்ச் சொல்

ஒரு வார்டின் கவுன்சிலர் தன் வார்டு மக்களுக்கு அவ்வப்போது தரும் செய்திக் குறிப்பே வார்டு அப்டேட். எந்தத் தெருவுக்கு எந்த நாளில் குடிநீர் வரும், தோண்டிப் போட்ட ரோடு எப்போது மூடப்படும், எரியாத தெருவிளக்கு என்ன ஆயிற்று, சொத்துவரிக்குக் கடைசி நாள் எது என்பவையெல்லாம் அதில் வரும். நாகர்கோவில் மாநகராட்சியின் 52 வார்டுகளிலும், குளச்சல், குழித்துறை போன்ற நகராட்சிகளிலும், கன்னியாகுமரி மாவட்டமெங்கும் நிறைந்திருக்கும் பேரூராட்சிகளிலும் இது இன்று பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. கோயில் ஒலிபெருக்கியிலும், ஞாயிறு ஆராதனை முடிவில் வாசிக்கும் அறிக்கையிலும் இடம்பிடிப்பதுண்டு.

இந்த அப்டேட்டைத் தமிழில் "அறிவிப்பு" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியான சொல் அல்ல. எது சரி என்று பார்க்க முதலில் வேரைத் தோண்ட வேண்டும்.

அப்டேட் என்பதில் "அப்", "டேட்" என்று இரண்டு துண்டுகள். மேலே என்று பொருள்படும் "அப்" இங்கே "இன்றுவரைக்கும் கொண்டுவந்து" என்ற பொருளில் நிற்கிறது. "டேட்" என்பதுதான் கவனிக்கத் தக்கது. அதன் வேர் இலத்தீன். "கொடுக்கப்பட்டது" என்பது அங்கே அதற்குப் பொருள். கணினிக்காரர்கள் சொல்லும் டேட்டாவுக்கும் அதே வேர்தான். அக்காலத்தில் கடிதம் எழுதி முடித்ததும், "இன்ன ஊரில், இன்ன நாளில் கொடுக்கப்பட்டது" என்று கீழே எழுதுவார்கள். அந்த வாசகத்தின் முதல் சொல்லே நாளடைவில் நாளைக் குறிக்கும் பெயராகிவிட்டது. ஆக, டேட் என்ற சொல்லின் பிறப்பிலேயே ஊரும் நாளும் இருக்கின்றன. இரண்டு துண்டும் சேர்ந்த அப்டேட் 20ஆம் நூற்றாண்டில் பரவிய புதுச்சொல். பழைய குறிப்பை இன்றைய நாள்வரை கொண்டுவருதல் என்பது அதன் பொருள்.

எனவே நாள் போடாத அப்டேட் அப்டேட்டே அல்ல. "இன்று மாலை தண்ணீர் வராது" என்று ஒரு குழுவில் வந்த செய்தி, நான்கு நாள் கழித்து வேறொரு குழுவில் சுற்றும்போதும் "இன்று" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதைப் படித்தவர் குடம் குடமாகப் பிடித்து வைப்பார், அல்லது வரும் தண்ணீரைப் பிடிக்காமல் விடுவார். சொத்துவரியிலும் இதே சிக்கல்தான். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. "இம்மாதம் 30க்குள்" என்று மட்டும் எழுதினால், ஏப்ரலில் எழுதியது மே மாதமும் உண்மைபோலவே இருக்கும். "30.04" என்று எழுதி ஆண்டையும் சேர்த்தால் அது தன் காலம் முடிந்ததைத் தானே சொல்லிவிடும். திருவிதாங்கூர்க் காலத்துப் பத்திரம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. அவற்றில் கொல்லம் ஆண்டு (மலையாள நாட்காட்டியின் ஆண்டு), மாதம், நாள் மூன்றும் எழுதியிருக்கும். நம் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1, கொல்லம் கணக்கில் 1132ஆம் ஆண்டு.

இனித் தமிழ்ச் சொற்கள். "இற்றைப்படுத்தல்" என்பது மென்பொருள் மொழிபெயர்ப்பில் புழங்கும் சொல். இற்றை என்றால் இன்றைய என்று பொருள். புறநானூற்றின் 112ஆம் பாட்டில் "இற்றைத் திங்கள்" என்று வருவது இந்த இற்றைதான். நல்ல பழைய சொல். ஆனால் நைந்து அறுந்ததை வலை இற்றுப்போயிற்று, கயிறு இற்றுப்போயிற்று என்று பேசும் கடற்கரை ஊர்களில் இதை வாய்விட்டுச் சொன்னால் காதில் வேறு பொருள் விழும். "புதுப்பிப்பு" என்பது உள்ளாட்சி அலுவலகத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். தொழில் உரிமம் புதுப்பித்தல், கடைக் குத்தகை புதுப்பித்தல் என்று அதற்குச் சட்டப் பொருள் உண்டு. "வார்டு புதுப்பிப்பு" என்றால் வார்டையே திருத்திக் கட்டுவதாகத் தோன்றும். "அறிவிப்பு" என்பது மேலிருந்து கீழே வருவது. ஒரு முடிவு எடுத்தாயிற்று, தெரிந்துகொள்ளுங்கள் என்பது அதன் தொனி. ஒரு முறை சொன்னால் அதன் வேலை முடிந்தது. அப்டேட்டோ சென்ற முறை சொன்னதைத் தொட்டு, அதற்குப் பிறகு மாறியது என்ன என்று சொல்ல வேண்டியது.

இந்தப் பொருளுக்கு மிகப் பொருத்தமான சொல் "நிலவரம்". நிலவுதல் என்ற வினையோடு உறவுள்ளது. இப்போது எப்படி நிலவுகிறதோ அது நிலவரம். சந்தை நிலவரம், கள நிலவரம் என்று எல்லோரும் சொல்கிறோம். குமரி மாவட்டத்தாருக்கு இன்னும் நெருக்கமானது மழைக்காலத்தில் நாளிதழில் வரும் அணை நிலவரம். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒன்றும் இரண்டும் தலா 18 அடி என்பவை முழுக் கொள்ளளவு மட்டங்கள். இன்று எத்தனை அடி நிற்கிறது, விநாடிக்கு எத்தனை கனஅடி வருகிறது, எத்தனை கனஅடி போகிறது என்று அந்தச் சிறு கட்டத்தில் எல்லாம் இருக்கும். நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையின் 25 அடியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தே கோடையில் நகரத்தார் தண்ணீர்ச் செலவைத் திட்டமிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் பாராட்டுரை இல்லை, வாக்குறுதியும் இல்லை. இடம், அளவு, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு, அவ்வளவுதான். வார்டு அப்டேட் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி தேட வேண்டியதில்லை. பெயரையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்: வார்டு நிலவரம்.

நிலவரத்துக்குக் கூடப்பிறந்த சொல் ஒன்று உண்டு: நிலுவை. நில் என்ற வேரிலிருந்து வந்தது. முடியாமல் நின்றுபோனது என்று பொருள். வரி நிலுவை, வழக்கு நிலுவை என்று அலுவலகத்தில் நாளும் கேட்கும் சொல்தான். நிலுவை சொல்லாத நிலவரம் அரை நிலவரம். நடந்ததை மட்டும் சொல்லி நடக்காததை விட்டுவிட்டால், தன் தெரு விடுபட்டுப்போனவர் அந்தச் செய்தியையே நம்பமாட்டார். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) இதைத் தகுதி விதியாகவே வைத்திருக்கின்றன: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதி இழந்தவர்கள்.

நிலவரத்தில் அதிகம் குழப்பம் விளைவிக்கும் சொல் "சாங்ஷன்", அதாவது அனுமதி. "நம்ம ரோட்டுக்கு சாங்ஷன் ஆயாச்சு" என்ற ஒரு வரி வந்தால், மறுநாள் ஜேசிபி வந்து நிற்கும் என்று மக்கள் நினைக்கிறார்கள். ஒரு தெருவின் வேலை கடந்து வரும் படிகளோ பல. கோரிக்கை வைக்கப்படும், பொறியாளர் அளந்து மதிப்பீடு தயாரிப்பார், மன்றத்தில் தீர்மானம் நிறைவேறும், நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் தனித்தனியே கிடைக்க வேண்டும், பிறகு ஒப்பந்தப்புள்ளி, அதாவது டெண்டர், அது முடிவானபின் பணி ஆணை. பணி ஆணை கைக்கு வந்தால்தான் ஒப்பந்ததாரர் வேலை தொடங்குவார். முடித்த வேலை அளவீட்டுப் புத்தகத்தில் ஏறியபின் பட்டியல் தொகை. இத்தனை படியில் எதைச் சாங்ஷன் என்கிறோம்? நிலவரம் எழுதுகிறவர் படியின் பெயரையே எழுதிவிடுவது நல்லது: "மதிப்பீடு முடிந்தது, தீர்மானத்துக்குப் போகிறது" அல்லது "பணி ஆணை கொடுத்தாயிற்று". அப்போது கேட்கிறவரும் சரியான கேள்வி கேட்பார். மதிப்பீட்டில் நிற்பதற்குப் பொறியாளரைக் கேட்க வேண்டும், டெண்டரில் யாரும் கலந்துகொள்ளாமல் நின்றால் அது வேறு சிக்கல்.

"வேலை முடிந்தது" என்பதிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. கான்கிரீட் போட்ட அன்றே முடிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். கான்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாளில்தான் கணக்கிடுகிறார்கள். அதற்கு முன் தொடர்ந்து ஈரம் காக்க வேண்டும். முடிந்தது என்ற செய்தியைப் பார்த்து யாரோ செங்கல் லாரியை உள்ளே விட்டால் ஓரம் உடையும். "போட்டாயிற்று, இன்ன தேதிவரை வண்டி விட வேண்டாம்" என்று எழுதினால் இது நேராது.

அடுத்து "வார்டு". காவல் காத்தல் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லில் பிறந்தது. நகரத்தைக் காவலுக்காகப் பிரித்த பகுதி என்ற பொருளிலிருந்து தேர்தல் பிரிவு என்ற பொருள் வந்தது. ஆஸ்பத்திரி வார்டும் கண்காணிப்பில் வைத்திருக்கும் இடம் என்ற வழியில் வந்ததே. இதற்குத் தமிழில் சொல் தேடினால் ஒவ்வொரு சொல்லும் ஏற்கெனவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. வட்டம் என்றால் தாலுகா. அகஸ்தீஸ்வரம், கல்குளம் எல்லாம் வட்டங்கள். இலங்கைத் தமிழர் வார்டை வட்டாரம் என்கிறார்கள், இங்கோ வட்டாரம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரின் எல்லை. பகுதி என்று சொன்னால், பகுதிக் கச்சேரிக்கு, அதாவது கிராம வருவாய் அலுவலகத்துக்கு, வரி கட்டப் போன திருவிதாங்கூர்க் காலத்தார் வருவாய்க் கிராமத்தை நினைப்பார்கள். இன்றைய விதிப்படியோ பகுதி என்பது வார்டுக்குள் அடங்கிய சிறு பிரிவு. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் தமிழகமெங்கும் நகரங்களில் நடந்த பகுதி சபைக் கூட்டம் இந்தப் பிரிவுக்கானது. (நமக்கு அந்நாள் மாவட்டம் இணைந்த நாளும்கூட.) உத்திரமேரூரில் ஊரை 30 பிரிவாக்கி அதற்குக் "குடும்பு" என்று பெயர் வைத்திருந்தார்கள். பொருளால் அதுவே வார்டுக்கு மிகவும் ஒத்த தமிழ். இன்று குடும்பம் என்று வாசித்துவிடுவார்கள் என்பதால் புழக்கத்துக்குக் கொண்டுவர இயலவில்லை. ஆகவே வார்டு வார்டாகவே இருக்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: பட்டாவிலும் நகர நில அளவைப் பதிவேட்டிலும் வரும் வார்டு வேறு, தேர்தல் வார்டு வேறு. இரண்டின் எண்ணும் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பட்டாவைப் பார்த்து வார்டு எண்ணைச் சொன்னால் புகார் வேறு கவுன்சிலரிடம் போய்ச் சேரும்.

அமெரிக்க நகரங்களின் கவுன்சிலர் செய்திமடல்களைப் பார்த்து எழுதுவோர் இன்னொன்றிலும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே பல நகரங்களில் ஒரு கவுன்சிலரின் எல்லைக்கு டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். அதை மாவட்டம் என்று மொழிபெயர்த்தால் கலெக்டர் எல்லையாகிவிடும்.

கவுன்சிலருக்குத் தமிழ் நிலைபெற்றுவிட்டது. மாநகராட்சியில் மாமன்ற உறுப்பினர், நகராட்சியில் நகர்மன்ற உறுப்பினர், பேரூராட்சியில் பேரூராட்சி மன்ற உறுப்பினர். ஊராட்சியில் மக்கள் சொல்வது மெம்பர். கவுன்சில் என்பது கூட்டி அழைத்தல் என்ற இலத்தீன் பொருளிலிருந்து வந்தது. மன்றம் என்பது ஊர் நடுவில் மரத்தடியில் கூடிய பொதுவிடம். ஆலமூடு, புளியமூடு என்று மரத்தடியின் பெயரையே முக்குக்கு வைத்திருக்கும் நம் ஊர்களில் அது எளிதில் விளங்கும். ஆனால் மூடு, விளை, கோணம் என்று முடியும் பெயர்கள் மாவட்டத்தில் திரும்பத் திரும்ப வருபவை. "புளியமூட்டில் நாளை தண்ணீர் இல்லை" என்றால் எந்தப் புளியமூடு? உள்ளாட்சியின் பெயர், வார்டு எண், தெரு மூன்றும் வேண்டும். தெருவிளக்கானால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணும் வேண்டும்.

வட்டார வழக்கும் நிலவரத்தில் புகுந்து பொருள் மாற்றும். மேற்கே விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர். "வெள்ளம் கோரியாச்சா" என்று கேட்பார்கள். "நாளை காலை வெள்ளம் வரும்" என்று அங்கே ஒருவர் எழுதியது நாகர்கோவில் கிழக்கே வந்தால் ஆற்று வெள்ள எச்சரிக்கையாகப் படிக்கப்படும், மழைக்காலத்தில் இது சிறு குழப்பமல்ல. எழுத்தில் "குடிநீர்" என்றே எழுத வேண்டும். சானல், ஓடை, வடிகால் ஆகியவற்றையும் பிரித்து எழுத வேண்டும். சானல் பாசனத்துக்கானது, அதைப் பராமரிப்பது நீர்வளத்துறை. தெருவோர மழைநீர் வடிகால் உள்ளாட்சியின் பொறுப்பு. மூன்றையும் "கால்வாய்" என்று எழுதிவிட்டால் அடைப்பை எடுக்க வேண்டியவர் யார் என்பதே தெரியாமல் போகும்.

ஒரு நல்ல வார்டு நிலவரம் எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரி:

"வார்டு நிலவரம் (உள்ளாட்சி, வார்டு எண்). 10.07.2025, வியாழன், காலை 8 மணி. குடிநீர்: மேலத்தெரு, கிணற்றடித் தெரு இரண்டுக்கும் நேற்று வரவில்லை. பள்ளிக்கூட முக்கில் குழாய் உடைந்தது காரணம். இன்று மாலை 5 மணிக்குள் சரிசெய்வதாக உதவிப் பொறியாளர் கூறியுள்ளார். சரியானால் 11.07 காலை 6 முதல் 8 வரை திறப்பார்கள். முதலில் மண் கலந்து கலங்கலாக வரும், தெளிந்தபின் பிடிக்கவும். நிலுவை: கீழத்தெரு வடிகால், மதிப்பீட்டில் உள்ளது, சென்ற நிலவரத்திலிருந்து மாற்றம் இல்லை. அடுத்த நிலவரம் 14.07.2025, திங்கள்."

"மாற்றம் இல்லை" என்ற வரியை வெட்கப்பட்டு விட்டுவிடக் கூடாது. அணை நிலவரத்தில் நீர்மட்டம் ஏறாத நாளிலும் எண்ணைப் போடத்தான் செய்கிறார்கள். குரல்பதிவாக அனுப்புகிறவர்களும் வாய் திறந்ததும் முதலில் தேதியையும் வார்டு எண்ணையும் சொல்லிவிட வேண்டும். பதிவு வேறு குழுவுக்குப் போகும்போது எழுத்தில் போட்ட தலைப்பு கூடவே போகாது.