ட்ரேட்-ஆஃப் = விட்டுப்பெறல்

ஒன்றை விட்டால்தான் இன்னொன்று கிடைக்கும் என்ற நிலையில், எதை விடுவது என்று தெரிந்தே எடுக்கும் முடிவுக்குப் பெயர் ட்ரேட்-ஆஃப். கேம் வடிவமைப்பவர்கள் வாயில் ஓயாமல் வரும் சொல்.

‘ட்ரேட்’ என்றால் இன்று வணிகம். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்குத் தடம், வழி என்றுதான் பொருள். மிதித்து நடப்பதைக் குறிக்கும் ‘ட்ரெட்’ அதற்கு உறவு. போய்வரும் தடம் என்பது பழகிய தொழிலாகி, தொழில் வணிகமாகி, ‘ஆஃப்’ ஒட்டியதும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது என்றாகிவிட்டது. அலை அலையாக எதிரி வரும் தடத்தை, டவர்களை வைத்துக் காக்கும் டவர் டிஃபென்ஸ் விளையாட்டுக்கு நல்ல பொருத்தம்தான்.

தமிழில் பலர் ‘சமரசம்’ என்று எழுதுகிறார்கள். அது சண்டைக்காரர் இருவருக்கிடையில் நடப்பது. ‘விட்டுக்கொடுப்பு’ பரவாயில்லை, ஆனால் கொடுத்ததோடு நின்றுவிடுகிறது, வாங்கியது எங்கே? உயர்தர வகுப்பில் பொருளியல் படித்தவர்கள் ‘அமையச் செலவு’ என்பார்கள். அது விட்டதன் பெறுமதி, விடுகிற செயல் அல்ல. என் தெரிவு ‘விட்டுப்பெறல்’. பேச்சிலும் இலகுவாகப் பிரியும்: எதை விட்டாய், எதைப் பெற்றாய்?

2007இல் வந்த டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ் வெறும் திறந்த வெளி. டவர்களை அடுக்கி எதிரியைச் சுற்றவைக்கும் பாதையை ஆடுபவரே கட்டலாம். 2011இல் வந்த கிங்டம் ரஷ் அந்தச் சுகத்தையே விட்டது. பாதையும் மாறாது, டவர் வைக்கும் இடங்களும் முன்பே குறித்தவை. பெற்றது என்ன? எந்த வளைவில் எந்த அலை திணறும் என்பதை வடிவமைப்பவர் அளந்து வைக்க முடிந்தது. இரண்டுக்கும் நடுவில், 2009இன் பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸில் பாதையே நேர்கோடு. ஐந்து வரிசை, ஒன்பது கட்டம். சூரியகாந்தி நட்டால் பிறகு வரவு, பட்டாணி நட்டால் இப்போதே காவல். விட்டுப்பெறல் ஆடுபவர் கைக்கே வந்துவிடுகிறது. என் கணிப்பில் மூன்றிலும் கெட்டிக்காரத்தனமானது இதுதான்.

திருகோணமலையில் நாங்கள் சில பேர் பிரட்ரிக் கோட்டையை வைத்து ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறோம். (டவருக்குக் ‘கோபுரம்’ போடவில்லை, இந்த ஊரில் கோபுரம் என்றால் கோணேசர் கோயில். மதிலில் இருப்பது கொத்தளம்.) கோட்டைக்குள் உண்மையிலேயே புள்ளிமான்கள் திரிவதால், முதல் வடிவத்தில் மான் குறுக்கே வந்தால் பீரங்கி சுடாமல் காத்திருக்கும்படி வைத்தோம். பார்க்க அழகு. ஆனால் கடைசி அலையில் ஒரு மான் வந்து நின்றால் ஆட்டமே போய்விடும். விளையாடிப் பார்த்த பொடியன்கள் எல்லாரும் கேட்டது ஒன்றையே: “இது ஏன் சுடுதில்ல?” தோற்றால் தன் கணக்குப் பிழைத்துத் தோற்க வேண்டும், மான் வந்து தோற்கக்கூடாது. ஊர்மணத்தை விட்டு நியாயத்தைப் பெற்றோம்.

இப்படி நீக்குவதை ‘வெட்டிய அம்சம்’ என்று எழுதுவதுண்டு. மான் விஷயத்தில் அது கேட்க நன்றாக இல்லை. அதனால் எங்கள் கொப்பியில் ‘கைவிட்ட கூறு’ என்றுதான் இருக்கிறது.