தலைகனத்த சரக்கை எங்கே பிடித்துக் கட்டுவது?

லாரியில் ஏற்றிய சரக்கு இரண்டு விதமாகக் காலை வாரும். ஒன்று வழுக்கும், இல்லையென்றால் கவிழும். பலரும் வழுக்குவதற்கு மட்டும் பயந்து கட்டுகிறார்கள். ரப்பர் விரிப்பு போட்டு, மேலே குறுக்காக ஒரு பெல்ட்டை வீசி, ராட்செட்டை (பெல்ட்டை இறுக்கும் பல்சக்கரப் பிடியை) முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. அகலமான பெட்டிக்குச் சரி. மேல்பாகம் கனத்த இயந்திரத்தின் சங்கதி வேறு. அடிப்பாகம் வழுக்காமல் பிடித்து நிற்கும்போதுதான் அது சாயவே தொடங்கும்.

2 டன் டிரில்லிங் மெஷின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடி அகலம் 80 செ.மீ. மோட்டார் உச்சியில் இருப்பதால் ஈர்ப்பு மையம் 1 மீட்டர் உயரத்தில். வளைவில் சரக்கைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் பாதிவரை போகலாம் என்று வைத்துத்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கட்டும் விதிகளை வகுத்திருக்கிறார்கள். (பிரேக் அடிக்கும்போது முன்பக்கமாக 0.8 மடங்கு.)

பாதி என்றால் 1 டன். 1 மீட்டர் உயரத்தில் அது தள்ளும்போது கவிழ்க்கும் திருப்புத்திறன் (விசையை அது செயல்படும் தூரத்தால் பெருக்கினால் வருவது) 1 டன்-மீட்டர். எதிர்த்து நிற்பது மெஷினின் சொந்த எடை: 2 டன், விளிம்பிலிருந்து 40 செ.மீ. உள்ளே. அதாவது 0.8 டன்-மீட்டர். குறைகிற 0.2 டன்-மீட்டரைக் கட்டும் சங்கிலிதான் தர வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் மாட்டினால் பக்கவாட்டில் சுமார் 130 கிலோ இழுவை போதும். அரை மீட்டரில் மாட்டினால் 400 கிலோ! (சங்கிலி கீழ்நோக்கி இழுப்பதும் கொஞ்சம் உதவும், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

அதற்காக உயரத்தில் கிடைத்ததில் எல்லாம் கொக்கியை மாட்டிவிட முடியாது. மோட்டார் உறையும் கைப்பிடியும் பிய்ந்து வரும். உச்சியில் உள்ள தூக்கு வளையத்தைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நேர்மேலே தூக்கச் செய்த வளையம், சாய்வாக இழுத்தால் தாங்கும் அளவு வெகுவாகக் குறையும். கனத்த வார்ப்பு உடலைச் சுற்றிப் பிடித்து, நான்கு மூலைக்கும் விரித்துக் கட்டுவதே நல்லது. அதைவிடக் கெட்டிக்காரத்தனம், 120 செ.மீ. நீளக் கட்டைகளைக் குறுக்கே வைத்து அடியோடு போல்ட் போட்டு முடுக்குவது. விளிம்பு 60 செ.மீ. தள்ளிப் போவதால் எதிர்ப்பு 1.2 டன்-மீட்டர் ஆகிவிடும், இந்தக் கணக்குப்படி கட்டு இல்லாமலே நிற்கும். ஆனாலும் கட்டத்தான் வேண்டும். புதிதாக முறுக்கிய பெல்ட் முதல் சில கிலோமீட்டரிலேயே தளரும், அப்போது இறங்கிப் பார்த்து இறுக்கவும் வேண்டும்.

அப்புறம் லாரிக்கும் இதே கணக்குதான். தாழ்ந்த தளமுள்ள டிரெய்லரைத் தேடுவது அதனால்தான். 40 மீட்டர் ஆர வளைவில் 40 கி.மீ. வேகத்தில் போனால் பக்கவாட்டு விசை எடையில் சுமார் 0.3 மடங்கு; 50 கி.மீ. என்றால் ஏறக்குறைய 0.5. உயரச் சுமை ஏற்றிய லாரி 0.4-க்குள்ளேயே கவிழ்ந்துவிடலாம். சங்கிலி அறுவதற்கு முன்பே வண்டி படுத்துவிடும், அதுவும் சரக்கு கட்டவிழாமல்.