சார்ஜ்: பொருள், வேர், தமிழ்ச் சொற்கள்

செல்போனில் சார்ஜ் இல்லை. பஸ் சார்ஜ் ஏறிவிட்டது. புது அதிகாரி திங்கட்கிழமை சார்ஜ் எடுக்கிறார். வழக்கில் சார்ஜ் ஷீட் போட்டாகிவிட்டது. கூட்டத்தைக் கலைக்க லத்தி சார்ஜ் நடந்தது.

ஐந்து வாக்கியத்திலும் சொல் ஒன்று, பொருள் வேறு வேறு. ‘சார்ஜுக்குத் தமிழில் என்ன?’ என்று யாராவது கேட்டால், எந்த சார்ஜ் என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒற்றைத் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஆனால் சொல்லின் வேர் தெரிந்துவிட்டால், எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல் என்பதில் குழப்பம் இருக்காது.

லத்தீனில் ‘கர்ருஸ்’ என்றால் சக்கர வண்டி. இன்றைய பிரான்சுப் பகுதியில் அன்று வாழ்ந்த கெல்ட்டிய மக்களிடமிருந்து ரோமானியர்கள் வாங்கிக்கொண்ட சொல் அது. பிற்கால லத்தீனில் அதிலிருந்து ‘கர்ரிகாரே’ என்ற வினை பிறந்தது. வண்டியில் பாரம் ஏற்றுவது என்று பொருள். பழைய பிரெஞ்சில் அது ‘சார்ஜியே’ என்று திரிந்து, 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்தபோது சார்ஜ் என்றால் சுமை, அவ்வளவுதான்.

நாம் அன்றாடம் சொல்லும் கார், கேரியர், கார்கோ எல்லாம் இதே குடும்பம். கேரிகேச்சர்கூட இந்த வகையறாதான். இத்தாலிய மொழியில் பாரம் ஏற்றுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஒருவர் முகத்தில் மூக்கையோ தாடையையோ அளவுக்கு மேல் ‘ஏற்றி’ வரைவதால் அந்தப் பெயர். மாட்டு வண்டியைக் குறிக்கும் கார்ட் மட்டும் பார்க்க உறவு மாதிரி தெரிந்தாலும் வேறு வழியாக, வட ஐரோப்பிய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது.

சரி, வண்டிப் பாரம் எப்படி வழக்கும் பதவியும் ஆனது? பாரத்தை வண்டி மேல் மட்டுமா வைக்கிறோம்? ஆள் மேலும் வைக்கிறோம். ஒருவர் தலையில் ஒரு வேலையை வைத்தால் அது அவருடைய சார்ஜ், அதாவது பொறுப்பு. ஒரு தவறை வைத்தால் அதுவும் சார்ஜ், அதாவது குற்றச்சாட்டு. ஆங்கிலத்தில் சார்ஜ் போன பாதை இது.

தமிழும் இதே பாதையில் தானாகவே நடந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. குற்றம் ‘சுமத்தினார்கள்’ என்கிறோம், பழி ‘சுமத்தினார்கள்’ என்கிறோம். சுமத்துவது என்றால் சுமக்க வைப்பது. ‘பொறுப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். பொறுத்தல் என்றால் தாங்குதல். பழந்தமிழில் பொறை என்பது சுமையையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும். தாங்கிக்கொள்ள வேண்டியது எதுவோ அது பொறுப்பு. சார்ஜுக்குள் லத்தீன் வண்டி ஒளிந்திருப்பதுபோல, பொறுப்புக்குள்ளும் ஒரு சுமை இருக்கிறது. ஆகவே இந்த இரண்டு பொருளுக்கும் புதுச்சொல் எதையும் யாரும் உருவாக்க வேண்டியதில்லை. நம்மிடம் இருப்பவை இட்டுக்கட்டியவை அல்ல, நன்றாக விளைந்தவை.

அலுவலகப் பேச்சில் ‘சார்ஜ் எடுத்தார்’ என்பதைப் ‘பொறுப்பேற்றார்’ என்று எழுதினால் போதும். இன்சார்ஜ் என்றால் பொறுப்பாளர். ஓர் இடம் காலியாக இருக்கும்போது தற்காலிகமாகப் பார்த்துக்கொள்பவரைக் குறிக்கவும் பதவிப் பெயருக்கு முன்னால் ‘பொறுப்பு’ என்று சேர்க்கிறார்கள். தூதர் இல்லாத நேரத்தில் தூதரகத்தைக் கவனிப்பவர் பொறுப்புத் தூதர். அந்தப் பதவிக்கான பிரெஞ்சுப் பெயரின் நேர்ப்பொருள், அலுவல்கள் சுமத்தப்பட்டவர்.

நீதிமன்றத் தமிழ் இன்னும் நுட்பமானது. சார்ஜ் ஷீட் என்பது குற்றப்பத்திரிகை. விசாரித்த காவல்துறை அதைத் தாக்கல் செய்கிறது. நீதிமன்றம் அதைப் பார்த்து, இன்னின்ன குற்றங்களுக்காக இவரை விசாரிக்கலாம் என்று முடிவுசெய்து எழுதுவதற்குப் பெயர் ‘குற்றச்சாட்டு வனைதல்’. வனைதல் என்றால் உருக்கொடுப்பது. குயவர் பானை வனைகிறார் என்று சொல்வோமே, அந்த வினை. செய்தி எழுதுபவர்கள் பல நேரம் இந்த இரண்டையும் ஒன்றாக்கி, குற்றப்பத்திரிகை தாக்கலானதுமே நீதிமன்றமே குற்றம் சாட்டிவிட்டதுபோல எழுதிவிடுகிறார்கள். சம்பந்தப்பட்டவருக்கு இது பெரிய வேறுபாடு. தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது அதைத் தவறவிடக் கூடாது.

பணத்துக்கு வருவோம். ஒருவர் மேல் வைக்கும் பணச்சுமை என்ற வழியில்தான் சார்ஜ் கட்டணத்தைக் குறிக்க வந்தது. சர்வீஸ் சார்ஜ் சேவைக் கட்டணம். ஃப்ரீ ஆஃப் சார்ஜ் என்றால் கட்டணமின்றி, அல்லது இலவசமாக. இதில் தமிழர்கள் ஆங்கிலத்தைவிட ஒரு படி தாராளம். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஆங்கிலத்தில் ஃபேர் என்பார்கள், நாம் அதையும் சார்ஜ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எழுதும்போது பேருந்துக் கட்டணம் என்பது எல்லாருக்கும் புரியும்.

லத்தி சார்ஜில் வரும் சார்ஜ் பாய்ந்து தாக்குவது. ஆயுதத்தை ஆயத்தமாக்குவது, துப்பாக்கியில் மருந்து நிரப்புவது என்ற பொருளிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் இது கிளைத்திருக்க வேண்டும் என்பது பரவலான விளக்கம். தடியடி என்ற சொல் நம்மிடம் உறுதியாக நிலைத்துவிட்டது. யானை சார்ஜ் பண்ணியது என்பதற்குப் பாய்ந்தது, விரட்டியது என்றால் போதும்.

அந்தத் துப்பாக்கி மருந்து நம் செல்போனுக்கும் வழிவிட்டது. ஒரு தடவை சுடுவதற்காக அளந்து நிரப்பும் வெடிமருந்துக்கும் சார்ஜ் என்றுதான் பெயர். 1745–46இல் லைடன் ஜாடி என்ற கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைத் தேக்கி வைக்க முடியும் என்று ஐரோப்பாவில் கண்டுபிடித்தார்கள். குடுவையை நிரப்பி வைத்து, ஒரே வீச்சில் பொறி பறக்க வெளியே விடலாம். நிரப்பி வைத்து வெடிக்க விடும் துப்பாக்கிக்கான சொல் இதற்கும் இயல்பாகவே பொருந்தியது. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் இந்தக் குடுவைகளை வைத்துச் சோதனை செய்து, 1740களின் பின்பகுதியில் எழுதிய கடிதங்களில் இந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தினார். பல குடுவைகளை ஒன்றாக இணைத்தபோது அவர் கொடுத்த பெயர் பேட்டரி. வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கான ராணுவச் சொல் அது. சார்ஜ், பேட்டரி என்று நாம் தினமும் சொல்லும் ஜோடி போர்க்களத்திலிருந்து வந்தது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இயற்பியலில் சார்ஜ் என்பது பொருளின் ஒரு பண்பு. எலக்ட்ரானுக்கு எதிர், புரோட்டானுக்கு நேர். அதை யாரும் ஏற்றி வைக்கவில்லை, பிறவியிலேயே இருக்கிறது. செல்போனை சார்ஜ் செய்யும்போது நடப்பது வேறு. பேட்டரியின் உள்ளே வேதிமாற்றம் நிகழ்ந்து ஆற்றல் சேர்கிறது. ஒரு முனையில் எத்தனை எலக்ட்ரான் நுழைகிறதோ அத்தனை மறுமுனையில் வெளியேறுகிறது. முழுதாக சார்ஜ் ஆன பேட்டரியிலும் காலியான பேட்டரியிலும் இயற்பியல் சொல்லும் அந்த சார்ஜின் மொத்தக் கணக்கு ஒன்றுதான். லைடன் ஜாடியிலும் இப்படித்தான், ஒரு பக்கம் கூடுவது மறுபக்கம் குறைகிறது என்று பிராங்க்ளினே சொல்லியிருக்கிறார்.

ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. தமிழில் பிரித்துச் சொல்ல வசதி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இயற்பியல் பண்புக்கு மின்னூட்டம் என்ற சொல் வேரூன்றிவிட்டது. அதை அப்படியே வைத்துக்கொண்டு, பேட்டரிக்குச் செய்வதை மின்னேற்றம் என்று சொல்லலாம். இலங்கைத் தமிழில் பண்புக்கே ஏற்றம் என்று எழுதும் வழக்கம் உண்டு, அதுவும் பிழையில்லை. மின்சுமை என்று சிலர் எழுதுவதைத்தான் நான் தவிர்க்கச் சொல்வேன். மின்கம்பியிலிருந்து கருவிகள் இழுக்கும் லோடுக்கு அந்தச் சொல் வேண்டும்.

மின்னேற்றம் செயற்கையாக ஒலிக்கிறது என்பவர்கள் நம் பேச்சைக் கவனித்தால் போதும். ‘சார்ஜ் ஏறவே மாட்டேங்குது’, ‘அதுக்குள்ள இறங்கிடுச்சு’ என்கிறோம். ஏறுவதும் இறங்குவதும் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. மின்னேற்றம், மின்னிறக்கம், சார்ஜருக்கு மின்னேற்றி என்று போவது அந்தப் பேச்சின் நீட்சிதான். ஒரு சின்னக் கவனம்: பொறுப்பேற்பில் வருவது வாங்கிக்கொள்வது என்ற பொருளுடைய ஏற்றல். மின்னேற்றத்தில் வருவது பாரத்தைத் தூக்கி வைக்கும் ஏற்றுதல். ஒலி நெருக்கம், வினை வேறு.

அப்புறம் டிஸ்சார்ஜ். சுமையை இறக்குவது என்பதே அதன் நேர்ப்பொருள். அதுவும் இடத்துக்கு இடம் மாறும். மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் ஆனவர் சிகிச்சை முடிந்து வீடு திரும்பினார். வழக்கில் என்றால் விடுவிப்பு. முழு விசாரணைக்குப் பின் குற்றமில்லை என்று தீர்ப்பாகும் விடுதலையோடு இதைக் குழப்பக் கூடாது. ஆற்றிலோ ஆலையிலோ என்றால் வெளியேற்றம்.

ரீசார்ஜ் இன்னும் பாதி வழியில் நிற்கிறது. நிலத்தடி நீருக்குச் செறிவூட்டல் என்ற அழகான சொல் வந்துவிட்டது. செல்போன் கணக்குக்கு மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை, எல்லாரும் ரீசார்ஜ் என்றுதான் சொல்கிறோம். அங்கே ஏறுவது மின்சாரம் இல்லை என்பதால் மின்னேற்றம் பொருந்தாது. எழுத்தில் ‘கணக்கை நிரப்பு’ என்றும், பேச்சில் பலரும் சொல்வதுபோல ‘போனுக்குப் பணம் போடு’ என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து.