காஸ் தீர்ந்துவிட்டதா, ரிலே போய்விட்டதா?

ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று அழைத்தால் வருகிற மெக்கானிக், பின்பக்கம் கம்ப்ரசரின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்: காஸ் இல்லை, அல்லது கம்ப்ரசர் போய்விட்டது. இரண்டுமே ஆயிரக்கணக்கில் செலவு வைப்பவை என்பதால், இதற்குப் புதிதாகவே வாங்கிவிடலாமே என்ற பேச்சு வீட்டில் உடனே எழுந்துவிடுகிறது. ஆனால் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும், சில நூறு ரூபாய் பெறும் ரிலே கெட்டாலும் குளிராது; பெட்டியின் சுவருக்குள் புதைந்த குழாயில் ஓட்டை விழுந்தாலும் குளிராது. முதலாவது பெட்டி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். இரண்டாவதில் செலவழிக்கும் பணம் வீணாகக்கூடும். எனவே வயதையும் விலையையும் பேசுவதற்கு முன், பழுது காஸ் ஓடும் குழாய்ச் சுற்றுக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும்.

அந்தச் சுற்று முற்றிலும் மூடப்பட்டது. கம்ப்ரசர் காஸை அழுத்திச் சூடாக்கி அனுப்ப, அது கண்டென்சர் குழாய்களில் ஓடும்போது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பின்னர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உள்விட்டம் கொண்ட கேப்பிலரி என்னும் மெல்லிய செப்புக்குழாய் வழியாக நெருக்கிக்கொண்டு போய், அழுத்தம் குறைந்த குளிர்ச்சுருளில் ஆவியாகிறது. திரவம் ஆவியாவதற்குத் தேவையான உள்ளுறை வெப்பத்தைப் பாலிலிருந்தும் மாவுப் பாத்திரத்திலிருந்தும் இழுத்துக்கொள்வதையே நாம் குளிர்ச்சி என்கிறோம். இந்தச் சுழற்சியில் காஸ் செலவாவதில்லை. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுவதைப் போலச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காஸ் போட வேண்டும் என்ற எண்ணம் தவறானது; காஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் பொருள்.

வெளியே உள்ளவற்றை முதலில் பார்ப்போம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டக்' என்ற ஒலி, சில விநாடி உறுமல், மீண்டும் 'டக்', பிறகு அமைதி என்று இருந்தால், கம்ப்ரசர் கிளம்ப முயன்று முடியாமல் ஓவர்லோடு என்னும் பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்துகிறது. குறை கம்ப்ரசரில் இருக்கலாம், ரிலேயில் இருக்கலாம், வீட்டில் வோல்டேஜே குறைவாக இருக்கலாம். ரிலேயைக் கழற்றிக் காதருகே ஆட்டும்போது உள்ளே ஏதோ உடைந்து உருளும் ஒலி கேட்டால், அதிலுள்ள வில்லை நொறுங்கிவிட்டது என்று கொள்ளலாம். கம்ப்ரசரின் மூன்று முனைகளை மல்டிமீட்டரால் சோதிப்பதும் ஐந்து நிமிட வேலைதான். சாதாரண கம்ப்ரசரில் இரண்டு சிறிய மின்தடை அளவுகளின் கூட்டுத்தொகை மூன்றாவதற்குச் சமமாக இருக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகையில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். இந்த அளவுகள் சரியாக இருந்து, எந்த முனைக்கும் கம்ப்ரசரின் இரும்பு உடலுக்கும் தொடர்பும் இல்லையென்றால், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் நன்றாகவே இருக்கிறது. பிளக்கை எடுத்த பிறகே செய்ய வேண்டிய இந்தச் சோதனையைச் செய்யாமல் கம்ப்ரசர் போய்விட்டது என்று சொல்பவரின் பேச்சை நான் ஏற்பதில்லை.

ஃப்ராஸ்ட்-ஃப்ரீ வகையில் ஆளை ஏமாற்றும் இன்னொரு பழுது உண்டு. அதில் குளிர்ச்சுருள் ஃப்ரீசரின் பின்பலகைக்குள் மறைந்திருக்கிறது. அதன் மேல் படியும் உறைபனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கிவிடுகிறது. ஹீட்டரோ அதற்குரிய சென்சாரோ கெட்டால், பனி சேர்ந்து சேர்ந்து காற்றுப்பாதையை அடைத்துவிடும். ஃப்ரீசரில் ஓரளவு குளிர் இருக்க, கீழ்த்தட்டில் வைத்த பால் திரிந்துபோகும். எங்கள் வீட்டில் பதினோரு ஆண்டுகள் ஓடிய பெட்டிக்கு இப்படி நேர்ந்தபோது, காஸ் போட வேண்டும் என்றே சொன்னார்கள். பொருள்களை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்துவைத்து ஒரு நாள் முழுவதும் அணைத்துவைத்தேன். பலகைக்கு அடியிலிருந்து கிட்டத்தட்ட ஒரு சொம்புத் தண்ணீர் வடிந்தது. மறுபடி போட்டதும் எட்டு நாள் அருமையாகக் குளிர்ந்துவிட்டு, பிறகு பழையபடி ஆயிற்று. காஸ் கசிந்திருந்தால் அந்த எட்டு நாள் குளிர்ச்சி கிடைத்திருக்காது. ஹீட்டரை மாற்றினோம், பெட்டி இன்றும் ஓடுகிறது.

காஸ் குறைவு என்றால் அந்தப் பலகைக்குப் பின்னால் வேறு காட்சி தெரியும். காஸ் போதுமான அளவு இருக்கும்போது சுருள் முழுவதும் ஒரே சீராகப் பனி படிந்திருக்கும்; குறைந்துவிட்டால் திரவம் நுழையும் முனையில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெண்மை தெரியும், மீதி வெறும் குழாயாக இருக்கும். அப்போதும் ஓட்டை எங்கே என்பதைப் பொறுத்தே முடிவு. கம்ப்ரசர் அருகிலுள்ள பற்றவைப்பு இணைப்பில் கசிந்தால் எளிதில் சரிசெய்யலாம். இன்றைய பெட்டிகளில் கண்டென்சர் பக்கவாட்டுத் தகடுகளின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருப்பதால்தான் அவை தொட்டால் சுடுகின்றன. அங்கே கசிந்தால், அந்தப் பகுதியைத் துண்டித்துவிட்டு முதுகில் புதிய கண்டென்சர் ஒன்றைப் பொருத்துவார்கள். பார்க்க அழகாக இராது, ஆனால் வேலை செய்யும். குளிர்ச்சுருளுக்குப் போகும் குழாய், சுவருக்குள் வெப்பக்காப்புக்காக நிரப்பிய ஃபோமுக்கு நடுவில் அரித்துப்போனால் அதோடு விட்டுவிடுவதே நல்லது. ஒற்றைக்கதவுப் பெட்டியில் உறைந்த பனியைக் கத்தியால் குத்திப் பெயர்க்கும்போது அலுமினியத் தகட்டில் விழும் ஓட்டை ஒட்டக்கூடியதுதான். அந்த ஒட்டு எத்தனை காலம் நிற்கும் என்பது ஒட்டியவரின் கையைப் பொறுத்தது.

எந்த ஓட்டையானாலும், அடைத்த பின் நைட்ரஜன் நிரப்பிச் சோதித்து, ஈரத்தைப் பிடிக்கும் ஃபில்டரை மாற்றி, வாக்குவம் பம்பால் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிய பிறகே காஸ் ஏற்ற வேண்டும். ஈரம் துளி தங்கினாலும் கேப்பிலரியின் வாயில் பனிக்கட்டியாக அடைத்துக்கொள்ளும். பழைய பெட்டிகளில் உள்ள ஆர்-134ஏ என்னும் காஸ் தீப்பிடிக்காது, ஆனால் காற்றில் விட்டால் கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். புதியவற்றில் உள்ள ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன். சமையல் எரிவாயுவின் உறவு. பெட்டிக்குச் சில பத்து கிராமே போதும், ஆனாலும் எரியக்கூடியது. பெட்டி ஓடும்போது குளிர்ச்சுருள் பக்கம் அதன் அழுத்தம் பெரும்பாலும் வெளிக்காற்றைவிடக் குறைவு என்பதால், அங்கே ஓட்டை விழுந்தால் ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆர்-134ஏ பெட்டியில் இதை ஊற்றித் தருகிறேன் என்பவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

இனி பணக் கணக்கு. நல்ல நிலையில் ஓடும் பழைய பெட்டி ஆண்டுக்கு 450 யூனிட், புதியது 220 யூனிட் என்றும், யூனிட் 7 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுச் சேமிப்பு சுமார் 1,600 ரூபாய். 28,000 ரூபாய்ப் பெட்டியின் விலை இந்த வழியில் திரும்ப 17 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆக, மின்சாரச் சிக்கனத்துக்காக மட்டும் நன்றாக ஓடும் பெட்டியை மாற்றுவது கட்டுபடியாகாது. குறையோடு நிற்காமல் ஓடும் பெட்டியின் கணக்கே வேறு: 120 வாட் கம்ப்ரசர் நாள் முழுவதும் ஓடினால் இரண்டு மாதத்தில் 170 யூனிட்டுக்கு மேல் போகும். தமிழ்நாட்டில் இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுவதால், பில்லில் அது இன்னும் உறைக்கும்.

ரிலே, ஹீட்டர், ஃபேன், கதவு ரப்பர் என்றால் வயது பாராமல் பழுது பார்க்கலாம். கம்ப்ரசரே போனால், ஏழெட்டு வயதுக்குள் மாற்றுவேன். பன்னிரண்டைத் தாண்டியதற்கு மாற்றமாட்டேன். புதிய கம்ப்ரசர் போட்டாலும் ஃபோமும் குழாயும் பழையவையே. ஃபோமின் நுண்ணறைகளில் இருந்த வாயு மெல்ல வெளியேறிக் காற்று புகுந்துவிடுவதால், பெட்டியின் வெப்பக்காப்பு ஆண்டுக்காண்டு தளர்கிறது. மழைக்காலமல்லாத நாளிலும் வெளிச்சுவர் வியர்த்தால் அதற்கு இதுவும் காரணமாகலாம். பத்தாண்டு உத்தரவாதம் என்பது பெரும்பாலும் கம்ப்ரசர் என்ற பொருளுக்கு மட்டுமே; காஸ், ஃபில்டர், கூலி ஆகியவை தனி என்பதால், எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதியது வந்த பிறகு, தள்ள மனமில்லாமல் பழையதை மாடியில் தண்ணீர் பாட்டிலுக்கென்று ஓடவிடுகிற வீடுகளில் மேற்சொன்ன 220-ம் 450-ம் கூட்டல் கணக்காகிவிடுகின்றன.